ஆங்கில வினையும் அதன் சிறு துணையும்

ஆங்கில மொழியில் ‘அப்’ என்று ஒரு சிறு சொல் உண்டு. ‘மேலே’ என்பது அதன் பொருள் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ‘கிவ்’ என்றால் ‘கொடு’ என்பதும் அப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் இவ்விரண்டும் கைகோத்து ‘கிவ் அப்’ என்று வந்தவுடன், கொடுப்பதும் மறைந்துவிடுகிறது. மேலே என்பதும் மறைந்துவிடுகிறது. ‘கைவிடு’ என்னும் புதுப்பொருள் வந்து நிற்கிறது. ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவை. ‘புட் அவுட்’ என்றால் விளக்கையோ தீயையோ அணை. ‘புட் அப் வித்’ என்று மூன்று சொற்கள் தொடர்ந்து வந்தால் பொறுத்துக்கொள்.

இத்தகைய சேர்க்கைகளை ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். நாம் இப்பேச்சின் அளவில் ‘கூட்டுவினை’ என்று வைத்துக்கொள்வோம். அதில் வினையை அடுத்து வரும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘இன்’, ‘ஆன்’ போன்றவற்றைச் சிறுசொற்கள் என்று அழைப்போம். இந்தச் சிறுசொற்களின் சரித்திரமே இன்று நான் உங்கள் முன் வைக்கவிருக்கும் பொருள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஐயா, இதற்கு விதி என்ன?’ என்று மாணவர்கள் கேட்கும்போது, ‘விதி ஏதும் இல்லை, அது வழக்கு, மனப்பாடம் செய்’ என்று விடை கூறுவதே பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் முறை. துணைநூல்களில் நூறு, இருநூறு என்று அகர வரிசையில் பட்டியல்கள் இருக்கும். பரீட்சை வரையில் அவை நினைவில் நிற்கும். பரீட்சை முடிந்ததும் போய்விடும்.

இதனால் விளையும் தீங்கு சிறியதன்று. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன், நகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு வேலை தேடிச் சென்றான். அங்கிருந்தவர் ஒரு படிவத்தைக் கொடுத்து ‘ஃபில் இன்’ என்றும், ‘ஹேண்ட் இன்’ என்றும், சற்றுப் பொறு என்னும் பொருளில் ‘ஹேங் ஆன்’ என்றும் விரைவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ‘ஹேங்’ என்றால் தொங்கு என்றுதான் இவன் படித்திருக்கிறான். ‘சப்மிட்’ என்று சொல்லியிருந்தால் இவனுக்கு விளங்கியிருக்கும். ‘வெயிட்’ என்றிருந்தாலும் விளங்கியிருக்கும். ஊர் திரும்பியவன், ‘ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான் ஐயா, சேர்த்துச் சொன்னபோது ஒன்றும் புரியவில்லை’ என்றான். கடினமான சொற்களைக் கற்றவன் எளிய சொற்களின் முன் திகைத்து நிற்கும் இந்நிலை ஏன் வந்தது? இதற்கு விடை காண நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிறுசொற்களில் பல வினைக்குப் பின்னால் நிற்காமல், வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன. அந்தப் பழமையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’, ‘ஃபர்கிவ்’ ஆகியவற்றில் சிறுசொல் முன்னே நிற்பதைக் காணலாம். ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் எதிர்த்து நில். ‘வித்’ என்றால் ‘உடன்’ அல்லவா, ‘எதிர்த்து’ என்னும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘எதிராக’ என்பதே முதன்மையான பொருள். நாமும் ‘அவனோடு சென்றான்’ என்கிறோம். ‘அவனோடு போரிட்டான்’ என்றும் கூறுகிறோம். ஒரே உருபு நட்பையும் பகையையும் சுமப்பது மொழிகளில் அரியதன்று.

முன்னொட்டு வைத்து வினையின் பொருளை மாற்றுவது நம் நாட்டாருக்குப் புதுமையும் அன்று. சம்ஸ்கிருதத்தில் ‘ஹ்ரு’ என்னும் ஒரே தாதுவிலிருந்து, முன்னே வரும் உபசர்க்கம் மாறுவதனால் ஆகாரம், சங்காரம், பரிகாரம் என்று வெவ்வேறு பொருளுடைய சொற்கள் பிறக்கின்றன. வேதகாலத்து மொழியில் உபசர்க்கம் வினையை விட்டுப் பிரிந்தும் நின்றது. பிற்காலத்தில் அது வினையோடு ஒட்டிக்கொண்டது. சம்ஸ்கிருதத்துக்குத் தொலைவான உறவுடைய ஆங்கிலத்திலோ இதற்கு மாறான நிகழ்ச்சி நடந்தது. முன்னே ஒட்டியிருந்த சிறுசொற்களின் ஆட்சி குறைந்து, வினைக்குப் பின்னே தனித்து நிற்பவை பெருகின.

இம்மாறுதலுக்குக் காரணங்கள் பல. பழைய ஆங்கில முன்னொட்டுகளில் பல அழுத்தமின்றி ஒலிக்கப்பட்டு, நாளடைவில் தேய்ந்து பொருள் மங்கின. மங்கிய பொருளைத் தெளிவாக்க மக்கள் ‘அப்’, ‘அவுட்’ போன்ற உரத்த சொற்களைப் பின்னே சேர்த்துச் சொல்லலாயினர். மேலும், செயப்படுபொருளுக்குப் பின் வினை வருவது பழைய ஆங்கிலத்தில் பெருவழக்காய் இருந்தது. அது மாறி, வினை முன்னும் பொருள் பின்னும் வரும் அமைப்பு நிலைபெற்றபோது, சிறுசொல்லும் வினையின் பின்பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தின் உறவுமொழியாகிய ஜெர்மனில் இன்றும் இருவகையும் உண்டு. ஒரே சிறுசொல் சில இடங்களில் வினைக்கு முன்னே ஒட்டியும், சில இடங்களில் பிரிந்து வாக்கியத்தின் இறுதியிலும் நிற்கும்.

மூன்றாவது காரணம் கடல் கடந்து வந்தது. 793ஆம் ஆண்டில் லிண்டிஸ்ஃபார்ன் என்னும் தீவிலுள்ள மடத்தை ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் கொள்ளையிட்டனர். கொள்ளையிட வந்தவர்களின் வழியில் பின்னர்க் குடியேறவும் பலர் வந்தனர். 878ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் அரசர் அவர்களை வென்ற பின்னரும், இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் நெடுங்காலம் டேனியர் சட்டம் வழங்கிய நாடாகவே இருந்தன. அவர்கள் பேசிய நார்ஸ் மொழி, முன்னொட்டுகளைப் பெரும்பாலும் முன்பே இழந்து, வினைக்குப் பின்னே சிறுசொல் வைத்துப் பேசும் மொழியாகிவிட்டிருந்தது. இரு இனத்தாரும் ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒரே ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தபோது, இவ்வழக்கு வலுப்பெற்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வலிமை எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆயினும் கூட்டுவினைகளில் மிகுதியாக ஆளப்படும் ‘டேக்’ என்னும் வினையே நார்ஸ் மொழி தந்த கொடை என்பதில் ஐயமில்லை.

இதற்கு ஓர் அழகிய சான்று இருக்கிறது. 1139ஆம் ஆண்டில் ஸ்டீஃபன் அரசர், தமக்கு எதிராகச் சதி செய்வதாக ஐயுற்று, சாலிஸ்பரி மேற்றிராணியார் ரோஜர், லிங்கன் மேற்றிராணியார் அலெக்சாண்டர் முதலியோரைச் சிறையிலிட்டார். அவர்கள் தம் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை விடவில்லை. இச்செய்தியைப் பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் அந்த மடத்தின் ஆண்டுக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அக்குறிப்பேடு 1154ஆம் ஆண்டுச் செய்திகளோடு முடிகிறது. கோட்டைகளை ஒப்படைத்தனர் என்பதற்கு அவர் எழுதிய சொற்கள் அந்நாளைய உருவில் அமைந்த ‘கிவ் அப்’ என்பனவே! அதே வாக்கியத்தில், அரசர் அவர்களைப் பிடித்தார் என்பதற்கு, பின்னாளில் ‘டேக்’ வந்து வழக்கொழித்துவிட்ட பழைய ஆங்கில வினை நிற்கிறது. பழையது போவதையும் புதியது வருவதையும் ஒரே வரியில் காண்கிறோம். பீட்டர்பரோவும் டேனியர் சட்டம் வழங்கிய பகுதியைச் சேர்ந்த ஊரே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதற்கிடையே 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. கோயிலிலும் கல்விக் கூடத்திலும் லத்தீன் அமர்ந்தது. உழவனும் தச்சனும் அடுப்படியில் நின்ற பெண்மணியும் ஆங்கிலமே பேசினர். இதனால் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் நிலைபெற்றன. வீட்டில் ‘கிவ் அப்’, அவையில் ‘சரண்டர்’. வீட்டில் ‘புட் ஆஃப்’, ஏட்டில் ‘போஸ்ட்போன்’. வீட்டில் ‘புட் அவுட்’, ஏட்டில் ‘எக்ஸ்டிங்விஷ்’. வீட்டில் ‘புட் அப் வித்’, ஏட்டில் ‘டாலரேட்’. நம் மாணவனுக்கு ‘சப்மிட்’ விளங்கி ‘ஹேண்ட் இன்’ விளங்காமற் போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது. நாம் ஆங்கிலத்தை அதன் வீட்டிலிருந்து கற்கவில்லை; அதன் ஏட்டிலிருந்து கற்றோம்.

வீட்டுமொழியை ஏட்டறிஞர் இழிவாகக் கருதுவது எந்நாட்டிலும் உள்ளதே. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் டிரைடன் என்னும் பெரும் புலவர், வாக்கியத்தின் இறுதியில் இத்தகைய சிறுசொல் நிற்பது பிழை என்று கொண்டார். லத்தீனில் அவ்வாறு நிற்பதில்லை என்பதே அடிப்படை. 1672ஆம் ஆண்டில் பென் ஜான்சன் என்னும் முந்தைய புலவரின் எழுத்தில் அக்குற்றத்தை எடுத்துக் காட்டினார். தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1668ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நாடகக் கலை பற்றிய கட்டுரையை 1684ஆம் ஆண்டில் மறுபடி பதிப்பித்தபோது, இறுதியில் சிறுசொல் நின்ற வாக்கியங்களைத் தேடித் தேடித் திருத்தினார். ராபர்ட் லௌத் என்பவர் 1762ஆம் ஆண்டில் எழுதிய இலக்கணத்தில் நிதானம் காட்டினார். இம்முறை ஆங்கிலத்தின் இயல்பான போக்கு. பேச்சுக்கும் எளிய நடைக்கும் அது பொருந்தும். உயர்ந்த நடைக்குச் சிறுசொல்லை முன்னே வைப்பதே அழகு என்பது அவர் கருத்து. பின்வந்தவர்கள் நிதானத்தை விட்டுவிட்டு விலக்கை மட்டும் விதியாக்கினார்கள்.

ஆனால் அறிஞருள்ளும் கண் திறந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சன், நீண்ட லத்தீன் சொற்களை விரும்பி ஆண்டவர். ஆயினும் வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வழக்கே அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை தருவது என்று தம் முன்னுரையில் குறிப்பிட்டு, அத்தகைய சேர்க்கைகளை மிகுந்த கவனத்தோடு தொகுத்தார். ‘டேக்’ என்னும் ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்கள் வகுத்தார். தாம் விரும்பிய நடை வேறாயினும், மக்கள் பேசியதை மறைக்காமல் பதிவு செய்த அந்த நேர்மை போற்றத்தக்கது. ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்னும் பெயரை 1925ஆம் ஆண்டில் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் தம் நூலொன்றில் வழங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி அப்பெயரைத் தமக்குக் கூறியதாக அவரே தெரிவிக்கிறார். குறைந்தது எண்ணூறு ஆண்டுகள் வழங்கிய ஒரு மொழியமைப்புக்கு இலக்கணத்தில் இன்று வழங்கும் பெயர் இவ்வளவு பிந்தி வந்தது.

1930ஆம் ஆண்டில் சி. கே. ஆக்டன் என்னும் அறிஞர் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒரு திட்டம் வகுத்தார். அதில் மொத்தம் 850 சொற்கள். வினைகளோ 18 மட்டுமே. ‘என்டர்’ என்று சொல்ல வேண்டாம், ‘கோ இன்’ என்றால் போதும் என்றார். சில வினைகளும் சில சிறுசொற்களும் கொண்டே உலகத்துச் செயல்களில் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம் என்பதை அத்திட்டம் காட்டியது. ஆனால் சொற்கள் குறைந்தனவே ஒழிய, சேர்க்கைகளின் பாரம் குறையவில்லை. குறைத்த பாரத்தைக் கூட்டுவினைகளின் தலையில் ஏற்றிவிட்டார் என்று அதைக் குறை கூறியவர்களும் உண்டு.

இவை விதியற்றவை என்ற கூற்றை இனி ஆராய்வோம். சிறுசொற்கள் எல்லாம் முதலில் இடத்தையும் திசையையும் குறித்தவை. இடப்பொருளிலிருந்து அவை படிப்படியாகக் கருத்துப்பொருளுக்கு நடந்து சென்றன. குடத்தில் தண்ணீர் மேலே ஏறினால் குடம் நிறைகிறது; நிறைந்தால் வேலை முடிகிறது. ஆகவே ‘அப்’ என்பது முடிவையும் முழுமையையும் குறிக்கலாயிற்று எனக் கொண்டால், ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவை விளங்கிவிடும். நாம் இதே பொருளுக்குச் ‘சாப்பிட்டுவிடு’, ‘குடித்துவிடு’ என்று ‘விடு’ என்னும் துணைவினையைச் சேர்க்கிறோம். ‘ஆஃப்’ பிரிவைக் குறிக்கும். ‘கட் ஆஃப்’ என்றால் வெட்டி நீக்கு. ‘ஆன்’ என்பது தொடர்ச்சியைக் குறிக்கும். ‘கோ ஆன்’ என்றால் மேலே நடத்து. எல்லாச் சேர்க்கைகளும் இவ்வாறு அடங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடங்குபவை பல, அவற்றை அறிந்தவனுக்கு அடங்காதவை சுமையாவதில்லை.

சொல்லின் வரிசையிலும் ஒழுங்கு உண்டு. ‘ரன் அப் எ ஹில்’ என்றால் குன்றின்மேல் ஓடு. ‘ரன் அப் எ பில்’ என்றால் கடைக்கணக்கை ஏறவிடு. செவிக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆனால் இரண்டாவதில் ‘அப்’ என்பதைப் பிரித்து இறுதியில் வைக்கலாம். முதலாவதில் அது முடியாது. ஏனெனில் முதலாவதில் ‘அப்’ குன்றைச் சேர்ந்தது. இரண்டாவதில் வினையைச் சேர்ந்தது. அவ்வாறே ‘கிவ் இட் அப்’ என்று நடுவில் ‘இட்’ வரும். ‘லுக் ஆஃப்டர் இட்’ என்னும்போது ‘இட்’ இறுதியில்தான் வரும். எழுத்தறியாத ஆங்கிலேயக் கிழவியும் இவ்விதியில் தவற மாட்டாள். விதியில்லாமல் இது எப்படி இயலும்?

தமிழை எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘விட்டுக்கொடு’ என்கிறோம், எதை விட்டோம், எதைக் கொடுத்தோம்? ‘தள்ளிப்போடு’ என்கிறோம்; கூட்டத்தின் தேதியை யார் கையால் தள்ளினார்கள்? இலங்கைத் தமிழர் அதையே ‘பிற்போடு’ என்பர். இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ என்னும் லத்தீன் வழிச் சொல்லைப் பிரித்தால் ‘போஸ்ட்’ என்பது பின், ‘போன்’ என்பது வை அல்லது போடு. ஆகவே அதுவும் ‘பிற்போடு’தான். ‘சப்மிட்’ என்பதைப் பிரித்தால் கீழ், அனுப்பு என்று இரண்டு லத்தீன் சொற்கள். ஏட்டுச்சொல் என்று நாம் வணங்கியதும், வீட்டுச்சொல் என்று ஏட்டறிஞர் ஒதுக்கியதும் ஒரே தச்சன் செய்த பெட்டிகளே. லத்தீன் பெட்டியில் பூட்டு வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

நம்மவர் ஏட்டுவழியில் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு இந்திய ஆங்கிலமே சான்று. கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை ஆங்கிலேயர் ‘பிரிங் ஃபார்வர்டு’ என்பர். நாம் ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக ‘ப்ரீபோன்’ என்று லத்தீன் முறையிலேயே ஆண்டுவருகிறோம். அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டன. மறுபுறம், ‘கோப் வித்’ என்று வரவேண்டிய இடத்தில் நம்மில் பலர் ‘கோப் அப் வித்’ என்கிறோம். ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ ஆகியவற்றின் ஒப்புமையால் இது எழுந்ததாகவே தோன்றுகிறது. திருத்த வேண்டியதுதான், ஆயினும் இவ்வமைப்பின் ஓசை நம் செவியில் ஏறியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

ஏறாமல் எப்படி இருக்கும்? நம் பேருந்து நடத்துநர் வண்டியை நிறுத்த ‘ஹோல்டான்’ என்று குரல் கொடுக்கிறாரே, அது ‘ஹோல்ட் ஆன்’ என்னும் கூட்டுவினைதான். நாடகக்காரர் போடும் ‘மேக்கப்’, தெருமுனையில் நிற்கும் ‘கட்அவுட்’, கைப்பேசியில் பிள்ளைகள் செய்யும் ‘லாக் இன்’, ‘சைன் அப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ ஆகியவை எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆங்கிலம் தெரியாது என்று அஞ்சும் கிராமத்துப் பிள்ளையும் இவற்றில் பத்தையேனும் பொருளறிந்து வழங்குகிறது.

ஆதலால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. அகர வரிசைப் பட்டியலைப் பிள்ளையின் கையில் திணிக்க வேண்டாம். வினையின்படி தொகுக்காமல் சிறுசொல்லின்படி தொகுத்துக் கொடுங்கள். ஒரு வாரம் ‘அப்’, மறு வாரம் ‘ஆஃப்’ என்று எடுத்துக்கொண்டு, முதலில் கையாலும் பொருளாலும் இடத்தைக் காட்டி, பிறகு கருத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் நிகரான துணைவினை உண்டா என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். ‘சப்மிட்’ கற்பிக்கும் நாளிலேயே ‘ஹேண்ட் இன்’ என்பதையும் கற்பியுங்கள். உழவரும் தச்சரும் வாயால் ஆக்கி, புலவர் விலக்கியும் போகாமல் நிலைத்த சொற்கள் இவை. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை எட்டாதவை ஆகமாட்டா.